சுவரைத் திறந்து பார்க்காமல் லிண்டல் வாங்காதீர்கள்

லண்டனுக்கு வடமேற்கே, ஹாரோ பக்கம் நாங்கள் இருக்கும் வீடு 1970களில் கட்டியது. பின்பக்கம் சாப்பாட்டு அறை, அதில் 1.2 மீட்டர் அகலத்துக்கு ஒரு ஜன்னல், அதற்கு வெளியே தோட்டம். தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் சமையலறையின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, குப்பைத் தொட்டிகளைச் சுற்றிக்கொண்டு, மூன்று படி இறங்கிப் போக வேண்டும். அம்மா தென்காசியிலிருந்து வந்து மூன்று மாதம் தங்கியிருந்தபோது அவருக்கு முழங்கால் வலி அதிகம். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள், "இந்த ஜன்னல ஒரு வாசலா வச்சிருந்தா என்னடா?" என்று கேட்டார். அம்மா அடுத்து வருவதற்குள் வாசல் வைத்துவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

1.8 மீட்டர் அகலத்தில் இரட்டைக் கண்ணாடிக் கதவு. விலை சொல்ல வந்த ஒரு கட்டடக்காரர் ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு, "இரண்டு கான்கிரீட் லிண்டல் வாங்கிப் போடுங்கள், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, போதும்" என்றார். லிண்டல் என்றால் திறப்புக்கு மேலே இருக்கும் சுவரைத் தாங்கும் உத்தரம். எனக்கும் சரி என்றே பட்டது. இருபுறமும் 150 மில்லிமீட்டர் சுவரில் உட்கார வேண்டும் என்பது தெரியும். எனவே 1800 கூட்டல் 300, மொத்தம் 2100 மில்லிமீட்டர். கட்டுமானப் பொருள் கடையில் 100க்கு 65 மில்லிமீட்டர் அளவில் இரண்டு முன்தகைவு (உள்ளே கம்பியை இழுத்துப் பிடித்து வார்த்த) கான்கிரீட் லிண்டல் வாங்கி இறக்கிவிட்டேன். ஒவ்வொன்றும் முப்பது கிலோவுக்கு மேல். நீளம் மிகச் சரி. மற்ற எல்லாமே தப்பு.

ஊரில் வீடு கட்டிப் பார்த்தவர்களுக்கு இது ஏன் தப்பு என்று உடனே பிடிபடாது, எனக்கும் பிடிபடவில்லை. நம் ஊரில் லிண்டல் என்றால் ஏழடி உயரத்தில் வீட்டைச் சுற்றிப் பலகை அடித்து, கம்பி கட்டி, சன்ஷேடோடு சேர்த்து வார்ப்பது. கதவு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் மேலே அது ஒரே பெல்ட் மாதிரி ஓடும். அரசு வீட்டுத் திட்டத்தில்கூட லிண்டல் மட்டம் எட்டினால்தான் அடுத்த தவணைப் பணம் வரும். அப்படி வார்த்த லிண்டல் ஓரிடத்தில் பலவீனமாக இருந்தாலும் பக்கத்துப் பகுதி ஓரளவு தாங்கிக்கொள்ளும். சுவரும் ஒரே சுவர். இங்கிலாந்தில் எங்கள் வீடு மாதிரி வீடுகளில் அப்படி இல்லை. வெளியே ஒரு செங்கல் சுவர், உள்ளே ஒரு பிளாக் சுவர், இரண்டுக்கும் நடுவே வெறும் இடைவெளி. இதைத்தான் கேவிட்டி என்கிறார்கள். இடையிடையே கம்பித் துண்டுகள் இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும். வெளிச்சுவர் மழையைத் தாங்கும், உள்சுவர் வீட்டைத் தாங்கும். மேல்மாடித் தரையும் பெரும்பாலும் கூரையும் உள்சுவரில்தான் உட்காரும். ஆகவே ஒரு வாசல் போட்டால் இரண்டு சுவர்களுக்குத் தாங்கல் கொடுக்கிறோம், அந்த இரண்டும் சுமப்பது வேறு வேறு பாரம்.

இதை எனக்குப் புரியவைத்தவர் நண்பர் மூலம் அறிமுகமான ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன். முப்பது வருடமாக இங்கே மேசன் வேலை செய்பவர். தோட்டத்தில் கிடந்த லிண்டல்களைப் பார்த்தவுடன், "தம்பி, நீளத்த மட்டும் பாத்து வாங்கிப் போட்டியளோ?" என்றார். அப்புறம் வரிசையாகக் கேட்டார். கேவிட்டி எவ்வளவு எண்டு அளந்தனீங்களோ? உள்ளுக்கு இருக்கிற கல் என்ன கல்? மேல் தரைச் சட்டம் எந்தப் பக்கம் ஓடுது? மேல் அறை ஜன்னல் எங்க கிடக்கு? எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியாது. முதல் கேள்வியைவிட அவர் இன்னொன்றையும் முன்னால் வைத்தார்: வாசலை ஏன் அகலமாக்குகிறீர்கள்? ஜன்னல் அகலத்திலேயே கதவு வைத்தால் கீழே உள்ள சுவரை மட்டும் வெட்டினால் போதும், மேலே இருக்கும் லிண்டல் அப்படியே இருக்கும். செலவு பாதியாகக் குறையும். இதை யாருமே எனக்குச் சொல்லியிருக்கவில்லை. உங்களுக்கு 1.2 மீட்டர் போதுமென்றால் தயவுசெய்து அதோடு நில்லுங்கள். ஒரு சக்கர நாற்காலி தாராளமாகப் போகும் அகலம் அது. ஆனால் இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு, மேலே லிண்டல் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் என்ன இருந்தது என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் கேவிட்டி. ஜன்னல் ஓரத்தில் சுவரின் மொத்தக் கனத்தை அளந்து, செங்கல்லுக்கு 102, பிளாக்குக்கு 100, பூச்சுக்கு ஒரு 13 மில்லிமீட்டர் கழித்தால் மீதி கேவிட்டி. நான் அப்படித்தான் போட்டேன், 75 வந்தது. அண்ணன் நம்பவில்லை. உள்ளே பூச்சா, ஒட்டிய ஜிப்சம் பலகையா என்று தெரியாமல் கழிக்கக் கூடாது என்றார். ஜன்னலுக்கு மேலே, மாடித் தரைக்குக் கீழே, உள்பக்கத்திலிருந்து 10 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டார். துளையிலிருந்து வெள்ளை வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. பார்த்தால் ஜவ்வரிசி மாதிரி தெர்மோகோல் மணிகள். முன்னே இருந்தவர்கள் குளிருக்காகக் கேவிட்டிக்குள் ஊதி நிரப்பியிருக்கிறார்கள். பிறகு ஒரு கட்டுக்கம்பியின் நுனியைக் கொக்கிபோல வளைத்து உள்ளே விட்டார். அது வெளிச் செங்கல்லில் முட்டியதும், சுவரோடு ஒட்டிப் பிடித்த இடத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து ஒரு அடையாளம். மெதுவாகப் பின்னுக்கு இழுத்தபோது கொக்கி பிளாக்கின் முதுகில் மாட்டிக்கொண்டது, அங்கே இன்னொரு அடையாளம். இரண்டுக்கும் நடுவே 65 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் தள்ளி இன்னொரு துளையில் 62. என் கழித்தல் கணக்கு பத்து மில்லிமீட்டர் பிசகு, ஏனென்றால் உள்ளே இருந்தது ஜிப்சம் பலகை.

பத்து மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். கேவிட்டிச் சுவருக்கான ஸ்டீல் லிண்டல் ஒரே துண்டு. குறுக்குவெட்டில் பார்த்தால் தொப்பி மாதிரி நடுவில் உயர்ந்து, இரு பக்கமும் விளிம்பு நீண்டிருக்கும். ஒரு விளிம்பில் செங்கல் உட்காரும், மறு விளிம்பில் பிளாக் உட்காரும். நடுப்பகுதி கேவிட்டிக்குள் நிற்கும். இந்த அகலத்திலிருந்து இந்த அகலம் வரையான கேவிட்டிக்கு என்று ஒவ்வொரு மாடலுக்கும் வரம்பு உண்டு. அகலம் கூடினதை வாங்கினால் ஒன்று உள்ளே பூச்சைத் தாண்டித் துருத்தும், இல்லாவிட்டால் செங்கல் முழுசாக விளிம்பில் உட்காராமல் வெளியே தொங்கும். அதனால் கேவிட்டியைக் குறைந்தது இரண்டு இடத்தில் துளை போட்டு அளந்துவிடுங்கள். பிறகு துளையை அடைக்க ஒரு கைப்பிடி பட்டி போதும், அவ்வளவுதான்.

உள் கல் என்ன கல் என்பதும் அந்தத் துளையிலேயே தெரிந்துவிட்டது. வந்த தூள் சாம்பல் நிறத்தில் மாவாக இருந்தது. ஜிப்சம் பலகையைக் கொஞ்சம் உடைத்துக் கல்லை நகத்தால் கீறினால் பொடி உதிர்ந்தது. நம் ஊரில் இப்போது ஏஏசி பிளாக் என்று விற்கும் அதே காற்றுக் கல். குளிருக்கு நல்லது, எடை குறைவு. ஆனால் ஒரு மூலையில் பாரத்தைக் குவித்தால் நசுங்கக்கூடியது. லிண்டலின் நுனி உட்காரும் இடம்தான் அப்படிப்பட்ட மூலை.

பாரக் கணக்குக்கு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வைத்தோம். இதில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். சுமைதாங்கும் சுவரில் புதுத் திறப்பு போடுவது இங்கிலாந்தில் கட்டட விதிகளுக்குள் வரும் வேலை, உள்ளூர் கவுன்சிலின் பில்டிங் கண்ட்ரோலும் (கட்டட வேலையைச் சோதிக்கும் பிரிவு) இந்தக் கணக்கைத்தான் கேட்கும். அவர் போட்ட கணக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் புரிந்துகொண்டேன், அது இப்படி.

ஒரு வாசலுக்கு மேலே ஓட்டை எதுவும் இல்லாத முழுச் சுவர் இருந்தால், கல்லும் கலவையும் தானாகவே வளைவு மாதிரி பாரத்தை இருபக்கமும் தள்ளிவிடும். திறப்பின் இரு நுனியிலிருந்தும் 45 பாகையில் கோடு போட்டால் வரும் முக்கோணத்துக்குள் இருக்கும் சுவரின் எடை மட்டுமே லிண்டலுக்கு. 1.8 மீட்டர் வாசலுக்கு அந்த முக்கோணம் 0.9 மீட்டர் உயரம், செங்கல் சுவர் என்றால் 200 கிலோகூட வராது. என் கான்கிரீட் லிண்டல்களை விற்றவரும் பரிந்துரைத்தவரும் மனதில் வைத்திருந்தது இந்தப் படமாக இருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் அந்த முக்கோணத்தின் தலையை வெட்டிக்கொண்டு மாடி அறை ஜன்னல் உட்கார்ந்திருக்கிறது. வளைவு உருவாக இடமே இல்லை. அதோடு வாசல் தலைக்கு 225 மில்லிமீட்டர் மேலேயே, அதாவது ஒரே ஒரு பிளாக் வரிசைக்கு மேலே, மாடித் தரையின் மரச்சட்டங்கள் சுவரில் உட்காருகின்றன.

அந்தச் சட்டங்கள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. மாடியில் கார்ப்பெட்டை ஒரு ஓரம் தூக்கிப் பாருங்கள். தரைப் பலகை எந்தப் பக்கம் நீளமாக ஓடுகிறதோ, சட்டம் அதற்குக் குறுக்கே ஓடும். ஆணி வரிசையே சட்டம் இருக்கும் இடத்தைக் காட்டிவிடும். எங்களுக்குச் சட்டங்கள் முன்னும் பின்னுமாக ஓடி, சரியாகப் பின்சுவரில் வந்து உட்கார்ந்தன. அவை பக்கச் சுவர்களில் உட்கார்ந்திருந்தால் கணக்கு ஓரளவு குறைந்திருக்கும்.

ஒரு கிலோநியூட்டன் என்பது சுமாராக நூறு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். தரைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன் ஆட்களுக்கும் சாமானுக்கும், 0.5 தரையின் சொந்த எடைக்கு. நடுச்சுவர் வரை 3.6 மீட்டர், அதில் பாதி எங்கள் சுவருக்கு. ஆக ஒரு மீட்டர் நீளத்துக்கு 3.6 கிலோநியூட்டன். கூரை ஓடு, சீலிங், பனி எல்லாம் சேர்த்து 7. உள்சுவரின் சொந்த எடை 2.6. மூன்றையும் கூட்டி லிண்டலின் கணக்கு நீளத்தால், அதாவது ஒரு நுனி உட்காரும் இடத்தின் நடுவிலிருந்து மறு நுனியின் நடு வரை உள்ள 1.95 மீட்டரால், பெருக்கினால் உள்பக்கம் ஏறத்தாழ 26 கிலோநியூட்டன். வெளிச் செங்கல் சுவருக்கு 12. மொத்தம் 38. அதாவது கிட்டத்தட்ட நான்கு டன். தோட்டத்தில் கிடந்த 65 மில்லிமீட்டர் கான்கிரீட்டை நினைத்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கடைப் பட்டியலைப் படிப்பதற்கும் அவர் ஒன்று சொல்லிக்கொடுத்தார். ஸ்டீல் லிண்டலுக்கு ஒவ்வொரு நீளத்துக்கும் பாதுகாப்பான பாரம் இரண்டு பத்தியில் போட்டிருக்கும். உள்பாரத்துக்கும் வெளிப்பாரத்துக்கும் உள்ள விகிதம் எவ்வளவு என்பதைப் பொறுத்து எந்தப் பத்தி என்று மாறும். எங்களுக்கு 26க்கு 12, இரண்டுக்கு ஒன்று என்று சொல்லலாம், அதனால் முதல் பத்தி. மாடித் தரை கான்கிரீட்டாக இருந்து பாரமெல்லாம் உள்பக்கமே விழுந்தால் லிண்டல் ஒருபக்கமாக முறுக்கப் பார்க்கும், அப்போது இரண்டாவது பத்தி, அதில் எண் குறைவு. பெரிய எண்ணைப் பார்த்து மயங்கி வாங்கிவிடக் கூடாது. சாதாரண வகை எங்கள் பாரத்துக்குப் போதவில்லை, அதற்கு மேலான கனரக வகையை எழுதிக்கொடுத்தார். நுனிகளுக்கும் ஒரு கணக்கு போட்டார். உள்பக்கம் ஒவ்வொரு நுனிக்கும் 13 கிலோநியூட்டன், அது 150க்கு 100 மில்லிமீட்டர் இடத்தில் இறங்குகிறது. அந்தக் காற்றுக் கல் மேல் நேராக வைக்க அவருக்கு மனமில்லை. இருபக்கமும் கெட்டியான கான்கிரீட் தலைக்கல் ஒன்று வைத்து, அதன்மேல் லிண்டலை உட்கார வைக்கச் சொன்னார்.

திறந்த நாள் எனக்கு மறக்காது. அண்ணன் முதலில் அறைக்குள் சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி, மாடிச் சட்டங்களுக்குக் கீழே கனமான பலகை கொடுத்து வரிசையாக ஜாக்கி முட்டு ஏற்றினார். அவை நிற்கும் தரை கான்கிரீட்தானா என்று தட்டிப் பார்த்த பிறகுதான் ஏற்றினார். பிறகு மேல்சுவருக்குத் தனி முட்டு. கடைசியில் ஜன்னல் சட்டத்தைக் கழற்றினார்கள். கழற்றியவுடன் அண்ணன் கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்தினார். வெளிப்பக்கம், ஜன்னல் தலைக்கு மேல் நிறுத்திவைத்த செங்கல் வரிசைக்கு அடியில் லிண்டலே இல்லை. உள்சுவருக்கு மட்டும் ஒரு கான்கிரீட் துண்டு. வெளிச் செங்கல் வரிசை அந்தக் காலத்தில் கனமான மர ஜன்னல் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பிறகு யாரோ மரத்தை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் ஜன்னல் போட்டிருக்கிறார்கள். இத்தனை வருடமாக அந்தச் செங்கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது பிளாஸ்டிக்கும் பழைய கலவையும்தான். "இந்தக் காலத்து வீடுகளில இது நிறையக் காணலாம் தம்பி. வெளியில படிப்படியா ஓடின வெடிப்பு ஒண்டு இருந்தது, நீங்கள் பாக்கேல்லயோ?" என்றார். பார்த்திருந்தேன். பெயின்ட் வெடிப்பு என்று நினைத்திருந்தேன். உங்கள் வீடும் அந்தக் காலத்தது, ஜன்னலும் மாற்றியது என்றால், வெளியே போய் ஜன்னல் தலைக்கு மேலே உள்ள செங்கல் வரிசை நடுவில் தொய்ந்திருக்கிறதா என்று ஒரு நூலைப் பிடித்துப் பாருங்கள். வாசல் போடும் எண்ணம் இல்லாவிட்டாலும் பாருங்கள்.

லிண்டல் ஏற்றும்போது அவர் கவனித்த சில விஷயங்கள். தலைக்கல்லும் வெளிச் செங்கல்லும் ஒரே மட்டமா என்று ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பார்த்தார். லிண்டலை முழுக் கலவைப் படுக்கையில் இறக்கினார், சில்லு வைத்து உயர்த்தவில்லை. நீளம் கூடிவிட்டால் வெட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கக் கூடாது, வெட்டினால் துத்தநாகப் பூச்சு போய் அந்த முனையிலிருந்து துருப் பிடிக்கும். அதன்மேல் உள்சுவரையும் வெளிச்சுவரையும் சேர்த்தே கட்டிக்கொண்டு போனார். ஒரு பக்கத்தை மட்டும் ஏற்றினால் லிண்டல் சாய்ந்துவிடும். ஒன்றுக்கொன்று ஒரு பிளாக் வரிசைக்கு மேல் வித்தியாசம் வரவிடவில்லை. முட்டுகளை ஏழு நாள் தொடவில்லை.

தண்ணீர் விஷயத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வெளிச் செங்கல் மழையில் நனையும், அதன் உட்புறம் வழியாகத் தண்ணீர் இறங்கும். கேவிட்டி முழுக்க ஓடி அடியில் போய்விட்டால் பிரச்சினை இல்லை. நடுவழியில் லிண்டல் குறுக்கே நின்றால் தண்ணீர் அதன்மேல் தேங்கி உள்ளே வரும். அதனால் லிண்டலுக்கு மேலே, உள்பக்கம் உயர்ந்து வெளிப்பக்கம் சரிந்து வரும்படி ஒரு ஈரத்தடைத் தாள் விரிக்க வேண்டும். அதன் இரு நுனியையும் மடக்கி அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் பக்கவாட்டில் வழிந்து சுவருக்குள் போகும். கீழ் வரிசைச் செங்கல்களுக்கு நடுவே 450 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விடாமல் வீப் ஹோல், அதாவது தண்ணீர் வடியும் சின்ன ஓட்டை, வைக்க வேண்டும். எங்களுக்கு நான்கு வைத்தார். உதிர்ந்து கொட்டிய தெர்மோகோல் மணிகளுக்குப் பதிலாகக் கல்பஞ்சு (ராக்வுல்) திணித்தார்.

குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முன்பு நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் ஜன்னலுக்கு மேலே உள்ளும் புறமும் ஒரே கான்கிரீட். ஒவ்வொரு ஜனவரியிலும் அந்தக் கோடு நெடுகக் கறுப்புப் பூஞ்சணம், துடைத்துத் துடைத்து என் மனைவிக்குக் கை ஓய்ந்துபோகும். வெளிக்குளிர் கான்கிரீட் வழியாக நேரே உள்ளே வந்து அந்த இடத்தைச் சில்லிட வைக்கிறது, சமையலறை ஆவி அங்கே போய்ப் படிகிறது. ஸ்டீலும் குளிரைக் கடத்தும்தான், ஆனால் எங்கள் லிண்டலின் வயிற்றுக்குள் தெர்மோகோல் அடைத்திருக்கிறது. உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் முழுசாகப் பிரித்த வகைகளும் உண்டு, விலை கூட. கையில் காசிருந்தால் அதை வாங்குங்கள்.

பில்டிங் கண்ட்ரோல் அதிகாரி வரும்வரை பூச்சுப் பூசவில்லை. தலைக்கல்லையும் நுனி எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்பதையும் டேப் வைத்து அளந்துபார்த்துப் போனார். மூடுவதற்கு முன் நானும் லிண்டலில் ஒட்டியிருந்த லேபிளைப் படம் எடுத்து, இன்ஜினியர் கணக்கோடும் கவுன்சில் சான்றிதழோடும் சேர்த்து வைத்திருக்கிறேன். வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் வக்கீல் கேட்பார்.

அந்தக் கான்கிரீட் லிண்டல்களில் ஒன்று தோட்டத்துக் கொட்டகையின் ஒற்றைச் சுவரில் சின்னக் கதவுக்கு மேலே போய்விட்டது, மேலே நாலு வரிசைக் கல்தான் பாரம். அதையும் அண்ணன் வைக்கும்போது மேல்பக்கம் என்று குறித்த பக்கத்தை எனக்குக் காட்டினார். கம்பி அடிப்பக்கம் இருக்கிறது, தலைகீழாக வைத்தால் தாங்காது. அதன்மேல் கட்டிய கல்லும் கலவையும் இறுகிச் சேர்ந்தால்தான் அதற்கு முழு பலம், அதுவரை நடுவில் ஒரு முட்டு நிற்க வேண்டும்.

நவம்பரில் மூன்று நாள் விடாமல் மழை. கதவைத் திறந்து வெளியே நின்று மேலே பார்த்தேன். இடமிருந்து மூன்றாவது வீப் ஹோலில் ஒரு சொட்டு திரண்டு, விளிம்பில் கொஞ்ச நேரம் நின்று, விழுந்தது. உள்ளே வந்து கதவுத் தலையைக் கையால் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன், மே மாதத்துக்கு டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்க.